என்னை அவுட் ஆக்காத ஊர்

நான் ஆடிய நாட்களில் புதுக்கோட்டையில் என்னை அவுட் ஆக்கியவர்கள் மிகக் குறைவு. இதை எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். இதில் பெருமைப்பட ஒரு மண்ணும் இல்லை.

இப்போதெல்லாம் பத்திரிகைகளில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் சராசரியை அட்டவணை போட்டு வெளியிடுகிறார்கள். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் அதைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்து என்னிடம் ஒப்பிக்கிறார்கள். "நீங்களும் ஆடுனீங்களாமே, ஒங்க சராசரி என்ன?" என்று எவனாவது கேட்டுவிட்டால் எனக்குக் காது மடல் சூடாகிவிடும். மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவேன். மறக்கவில்லை. தசம ஸ்தானம் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

சமஸ்தானம் இந்தியாவோடு சேருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய சங்கதி இது. ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கியிருந்தது. நான் சென்னையில் கணிதத்தில் பி.ஏ. முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, வேலை தேடுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். அப்பா சமஸ்தானத்து இலாகா ஒன்றுக்குத் தலைவர். எந்த இலாகா என்பது வேண்டாம். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் ஒரு குமாஸ்தா மறுநாளே குளத்தூருக்கோ, அதற்கும் அப்பால் பஸ் போகாத ஏதாவது ஒரு மூலைக்கோ பெட்டி கட்டவேண்டியிருக்கும் என்பது தெரிந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனில் கிரிக்கெட் உண்டு. காலேஜ் லீவுக்கு வந்தபோதெல்லாம் நானும் ஆடியிருக்கிறேன். மைதானம் என்றதும் பச்சைப் புல்லை நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் பக்கத்துச் செம்பாறைத் தரை அது. விழுந்தால் முழங்கால் தோல் அங்கேயே தங்கிவிடும். நடுவில் தென்னைநார்ப் பாயை விரித்து, நான்கு புறமும் பெரிய ஆணிகளை அடித்து இழுத்துக் கட்டுவார்கள். அதன் மேல்தான் பந்து வீசுவதும் ஆடுவதும். கிளப்பில் வக்கீல்கள், வாத்தியார்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள் என்று முப்பது பேர் வரை இருந்தோம். வெளியூர்க் கோஷ்டி வராத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களையே இரண்டாகப் பிரித்து ஆடுவோம்.

காப்டன் ஒரு வக்கீல். நாற்பது வயது, தொந்தி எட்டிப் பார்க்கும். ஆட்டத்தைவிட ஆட்டத்துக்கு ஆள் சேர்ப்பதில் கெட்டிக்காரர். எல்லாரையும் சமாளித்து, யாரையும் கோபப்படுத்தாமல் வருஷக்கணக்காக அந்தக் கிளப்பை நடத்திக்கொண்டிருந்தார்.

கிளப்பிலேயே நன்றாகப் பந்து வீசுகிறவர் என் அப்பாவின் ஆபீசில் பியூன். சொந்த ஊர் திருவரங்குளம் பக்கம். மனைவி, இரண்டு குழந்தைகளோடு டவுனில் ஒட்டுக்குடித்தனம். காலையில் ஆபீஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நடப்பார். சாயங்காலம் அதே பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டுப் போவார். முதலில் அவரைக் கிளப்பில் கூப்பிட்டதே பாய் விரிக்கத்தான். ஒருநாள் பவுலர் ஒருவர் வராமல்போக, பந்தை அவர் கையில் கொடுத்தார்களாம். அன்றைக்கு வக்கீல்கள் வந்த வழியே வரிசையாகத் திரும்பிப் போனார்கள் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர் இல்லாமல் ஆட்டம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் நாங்கள் நாற்காலிகளில் சாய்ந்து காப்பி குடிப்போம். அவர் ஆணிகளைப் பிடுங்கிப் பாயைச் சுருட்டுவார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அவரை நீ என்றேன், அவர் என்னைச் சின்னையா என்றார். அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

திருச்சியில் ஒரு தொழிற்சாலை இருந்தது. அவர்களுடைய கோஷ்டியோடு வருஷத்துக்கு ஒருதரம் நாங்கள் அங்கே போய் ஆடுவோம். நல்ல பவுலர் கண்ணில் பட்டால் அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் விடமாட்டார்கள். நிரந்தர வேலை, குடியிருக்க வீடு, எல்லாம் கொடுத்துத் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள். ஒட்டுக்குடித்தனத்தில் இருக்கும் ஒரு பியூனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்கவேண்டியதில்லை. அவர் வாய் திறந்து கேட்டதில்லை. ஆனால் திருச்சிக்குப் போகும் பதினோரு பேர் யார் யார் என்று நாங்கள் பேசும்போது, பாய் சுருட்டும் அவர் கை கொஞ்சம் மெதுவாகும்.

அந்தப் பதினோரு பேரை அதுவரை எப்படிப் பொறுக்கினார்கள் என்றால், யார் யாருக்கு மைத்துனன், எவனிடம் சொந்தமாக பேட் இருக்கிறது, எந்தக் காரில் எத்தனை பேர் உட்காரலாம் என்று பார்த்துத்தான். பியூனுக்குக் காரில் இடம் இருந்ததில்லை. புதிதாகப் படித்துவிட்டு வந்தவன் நான். எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டக்காரனைக் கணக்கு வைத்து அளக்கவேண்டும் என்று காப்டனிடம் வாதாடினேன். ஒருவன் எடுத்த ரன்களையெல்லாம் கூட்டி, அவன் எத்தனை தடவை அவுட் ஆனானோ அதனால் வகுத்தால் அவனுடைய சராசரி. பவுலருக்கு அதைத் திருப்பிப் போடவேண்டும். அவன் பந்தில் போன ரன்களை அவன் வீழ்த்திய விக்கெட்டுகளால் வகுக்கவேண்டும், அதில் சின்ன எண்தான் உசத்தி. இவ்வளவுதான். "எண்ணுக்கு மாமன் மச்சான் கெடையாது சார்" என்று நான் சொன்னேன். காப்டன், "அப்ப நீயே போட்டுக் குடு தம்பி" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். பேட் பிடிப்பவர்களில் நான்தான் முதல். அதுவும் எட்டாத உயரத்தில் முதல். எப்போதாவதுதான் அவுட் ஆவேன் என்பதால் வகுக்கும் எண் சின்னது, சராசரி மலைபோல் ஏறிவிட்டது. பவுலர்களில் அந்தப் பியூன் கடைசி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் நல்ல ஆட்டக்காரனும் நல்ல பவுலரும் ஒரே பக்கம் இருக்கக்கூடாது என்று காப்டன் எங்களை எப்போதும் எதிரெதிராகத்தான் போடுவார். என் ரன்களில் பெரும்பங்கு அவருடைய பந்துகளில் வந்தது. அத்தனையும் அவர் தலையில் ஏறியிருந்தது.

காப்பி நேரத்தில் நானே அதை எழுந்து நின்று வாசித்தேன். கைதட்டினார்கள். அவர் பக்கத்திலேயே ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். கடைசிப் பெயர் அவருடையது என்று வந்தபோது குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருந்தது. நான் என்ன செய்யட்டும், கணக்கு அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று பெரிய மனுஷன்போல் சொல்லவும் செய்தேன்.

காப்டன் மட்டும், "அவன் பந்த என்னால தொடக்கூட முடியல. கணக்குல அவன் கடைசியாம். நல்ல கணக்குய்யா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய ஆட்டத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். ஆனால் என் கணக்கைக் குறை சொன்னது உறுத்தியது. சுருக்கென்று கோபம் வருகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். சராசரி என்பது மொட்டைக் கணக்கு, இன்னும் நுணுக்கமாகப் போட்டு இவர் வாயை அடைக்கிறேன் பார் என்று கிளம்பினேன்.

நுணுக்கம் என்று நான் யோசித்தது இது. எல்லா ரன்னுக்கும் ஒரே மதிப்புக் கொடுக்கலாமா? சொத்தைப் பவுலரிடம் எடுத்த பத்து ரன்னும், கெட்டிக்காரப் பவுலரிடம் எடுத்த பத்து ரன்னும் ஒன்றாகுமா? ஆகாது. அதனால் பவுலரின் தரத்தை வைத்து ரன்னுக்கு எடை போடவேண்டும். அப்படியானால் பவுலரின் தரத்தை எப்படி அறிவது? அவன் யாருக்குப் பந்து வீசினான் என்று பார்க்கவேண்டும். கெட்டிக்கார ஆட்டக்காரனிடம் அடி வாங்கினால் அது குற்றமில்லை. இவனை வைத்து அவனையும் அவனை வைத்து இவனையும் அளக்கவேண்டும். முதலில் ஒரு தோராயமான தரத்தை வைத்துக்கொண்டு தொடங்கி, சுற்றுச் சுற்றாகத் திருத்திக்கொண்டே போனால், எண்கள் கடைசியில் ஒரு இடத்தில் நிலைக்கும். கல்லூரியில் வேறு எதற்கோ படித்த முறை. அதைக் கொண்டுவந்து பாய் கிரிக்கெட்டில் மாட்டினேன்.

ஸ்கோர் புஸ்தகத்தில் ஆடுகிறவன் பக்கமும் பவுலர் பக்கமும் தனித்தனி. இரண்டையும் பந்து பந்தாக ஒட்டிப் பார்த்தால் யார் பந்தில் யார் எவ்வளவு எடுத்தார் என்று பிரித்துவிடலாம். பேன் பார்க்கிற மாதிரியான வேலை. எனக்குத்தான் வேறு வேலை கிடையாதே. மதியச் சாப்பாடு முடிந்ததும் மாடி அறையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருப்பேன். உத்தியோகத்துக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டு காப்பி மாடிக்கே வந்தது.

முதல் சுற்றுத் திருத்தத்தில் நான் கொஞ்சம் இறங்கினேன், அந்தப் பியூன் கொஞ்சம் ஏறினார். அடுத்த சுற்றில் இன்னும் இறங்கினேன். கூட்டலில் பிழை என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான். சரி, ஒரு பரீட்சை பார்ப்போம் என்று என்னுடைய ஆட்டங்களையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பவுலர்களை வரிசைப்படுத்தினேன். கடைசியில் இருந்தவர் முதலாவதாக வந்து நின்றார். இரண்டாவது ஆளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஊரே இருந்தது. என்னைத் தவிர எல்லாருக்கும் அவர் எமனாக இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு என் ரன்களை மட்டும் எடுத்து இரண்டாகப் பிரித்தேன். ஊர்ப் பவுலர்களிடம் எடுத்தது ஒன்று, வெளியூர்க் கோஷ்டிகளின் பவுலர்களிடம் எடுத்தது இன்னொன்று. ஊர்க்காரர்களிடம் நான் அவுட் ஆவதே அபூர்வம். வெளியூர்க்காரர்களிடம் நான் வந்து நின்று பாயைத் தட்டிப் பார்ப்பதற்குள் அவுட் ஆகியிருக்கிறேன். இரண்டும் ஒரே ஆளுடைய ஆட்டம் என்று யாராவது சொன்னால் நம்பமாட்டார்கள்.

காரணம் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். மனசுதான் எப்படியெல்லாம் வேலை செய்கிறது. வெளியூர்ப் பவுலர்கள் கெட்டிக்காரர்களாக இருக்கலாம் என்றது. அப்படியானால் மற்ற ஆட்டக்காரர்களும் அவர்களிடம் திணறியிருக்கவேண்டும். திணறவில்லை. நம் காப்டன்கூட என்னைவிட நன்றாக ஆடியிருந்தார். வெளியூர் மைதானம் பழக்கமில்லாமல் இருக்கலாம் என்றது. அவர்கள் எங்கள் ஊருக்கு வந்து எங்கள் பாயிலேயே என்னை அவுட் ஆக்கியிருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்துப் பயந்திருக்கலாம் என்றது. கூட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒவ்வொரு காரணமாகத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் ஒன்று மிச்சம் நிற்கும் அல்லவா? அது நின்றது. ஊர்ப் பவுலர்களையே மறுபடி இரண்டாகப் பிரித்தேன். அப்பாவின் இலாகாவில் சம்பளம் வாங்குகிறவர்கள், வாங்காதவர்கள். அதற்கு மேல் பென்சிலுக்கு வேலை இருக்கவில்லை.

மாடியில் தனியாகத்தான் இருந்தேன். இருந்தும் யாரோ பார்ப்பதுபோல் முகத்தை மூடிக்கொண்டேன். அதுவரை புஸ்தகத்தில் இல்லாதவையெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கைக்கு நேரே வந்த கேட்ச்சை விட்டுவிட்டு, "வழுக்கிருச்சு தம்பி" என்று சட்டையில் கை துடைத்துக்கொண்ட குமாஸ்தாக்கள். என் காலில் பந்து பட்டால் ஒருவரும் சத்தம் போட்டு அவுட் கேட்காதது. அம்பயராக நிற்கும் அப்பாவின் ஆபீஸ் ஹெட் கிளார்க், எனக்காக மட்டும் நோ பால் கூப்பிடும் வேகம். பியூன் எனக்குப் போடும் பந்து எப்போதும் காலுக்குப் பக்கத்தில், அடிக்கத் தோதாக, கைக்குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி வந்து விழும். அதை இடது பக்கம் திருப்பிவிடுவதில் நான் சூரன் என்று பேர். அந்தத் திருப்பலைக் கண்ணாடி முன்னால் நின்று நான் பழகியிருக்கிறேன். மைதானத்து ஓரத்தில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் இது தெரிந்திருக்கும். வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். ஊருக்கே தெரிந்திருந்தது, கணக்குப் படித்த எனக்கு மட்டும் தெரியவில்லை. செத்துப்போகலாம் என்று தோன்றும் அளவுக்கு வெட்கமாக இருந்தது.

முதலில் கோபம் அப்பா மேல் பாய்ந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் கேட்டுவிட்டேன். "ஆபீஸ்காரங்கள்ட்ட நான் அவுட் ஆகக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கீங்களா?"

அப்பாவுக்குக் கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாது. மைதானத்துப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நான் எதுக்குடா சொல்லப் போறேன்? யார்ட்டயும் நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

அது உண்மை. அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, யாருமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யார் மேலாவது பழியைப் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் காப்டன் வீட்டுக்குப் போனேன். புதிய வரிசையைக் கொடுத்து, என் பெயரை எடுத்துவிட்டு அந்தப் பியூன் பெயரைப் போடுங்கள் என்றேன். அவர் வாங்கிப் பார்த்தார். எண்களைப் பார்க்கவில்லை, கடைசி வரியை மட்டும் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது ஒனக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா தம்பி?" என்றார்.

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"இங்கிட்டு உக்காரு. மைதானத்துல இருக்குற ரோலர் யார் குடுத்தது? ஒங்கப்பா இலாகா. பாய்? ஒங்கப்பா இலாகா. தண்ணி ஊத்துற ஆளு? நீ வராட்டி ரோலரும் இருக்காது. நெசமாவே இருக்காதான்னு எனக்குத் தெரியாது. யாரும் சோதிச்சுப் பாத்ததில்ல. அதுனால ஒன்னய வருசா வருசம் எடுத்தோம். எடுக்குறப்பல்லாம் எனக்குக் கொஞ்சம் கூசும். நீ வந்து கணக்குப் போட்டுக் குடுத்த பாரு, அதுக்கப்பறம் கூசல. கணக்கே சொல்லுதுன்னு சொல்லிக்கிட்டேன்."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. மாமன் மச்சான் முறையை ஒழிக்க வந்தவன், அதற்கு விபூதி பூசிச் சாமியாக்கிவிட்டுப் போயிருக்கிறேன். முன்னால் பியூனை விட்டுவிட்டுப் போனபோது அநியாயம் என்று நாலு பேராவது முணுமுணுத்தார்கள். என் கணக்குக்குப் பிறகு அவர் திருச்சிக்குப் போகாததுதான் நியாயம் என்று ஆகிவிட்டது.

நான் விடவில்லை. அழுகையும் கோபமுமாக ஏதேதோ பேசினேன். கடைசியில் காப்டன் ஒரு வழி சொன்னார். "சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் இருக்குறப்ப அவன் ஒனக்குப் பந்து போடட்டும். அவுட் ஆக்கிட்டான்னா ஒன் எடத்துல அவன எடுத்துக்கிறேன். ஒங்கப்பா கேட்டா, ஒங்க பையனே வச்ச போட்டின்னு சொல்லிருவேன். எனக்கும் ஒரு பிடி வேணும்ல."

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிப்பவர்கள் கவலைப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பியூன் திருச்சிக்குப் போனார். தொழிற்சாலைக்காரர்கள் அவரை விடவில்லை. அடுத்த மாதமே குடும்பத்தோடு ரயிலேறினார். அப்பா அவருடைய ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டு, நல்ல பையன் என்று சொல்லி வேட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார். ரோலரும் நின்றபடியேதான் நின்றது. ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. ஆகவே என் வெட்கம் அவர் கெட்டுப்போனார் என்பதனால் அல்ல. அந்தச் சனிக்கிழமை நடந்ததனால்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தபோது கூடத்தில் வைத்தே சொன்னேன். "நாளைக்கு எனக்கு நீ ஒழுங்காப் பந்து போடணும். மத்தவங்களுக்குப் போடுற மாதிரி. அவுட் ஆக்கிட்டீன்னா திருச்சிக்கு நீதான் போற." அவர் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டே, "சரிங்க" என்றார். அந்தச் சரிங்கவில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

சனிக்கிழமை கிளப்பில் பாதிப் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். என்ன போட்டி என்று எல்லாருக்கும் தெரியும். ஹெட் கிளார்க் அம்பயராக நின்றார். முதல் பந்து வந்தது. காலுக்குப் பக்கத்தில், பழைய மாதிரியே, அடிக்கத் தோதாக. நான் அடிக்காமல் தடுத்துவிட்டு, "ஒழுங்காப் போடு" என்றேன். "சரிங்க" என்றார். அடுத்ததும் அதே இடத்தில் விழுந்தது. இவர் ஆக்கமாட்டார், நாமே அவுட் ஆகிவிடுவோம் என்று அடுத்த பந்தை வேண்டுமென்றே வானத்தில் தூக்கினேன். கீழே நின்ற குமாஸ்தா இரண்டு கையிலும் வாங்கி, வாங்கியதைக் கீழே விட்டார். வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்றார். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

ஸ்டம்புகளைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் விலகி நின்றேன். பந்தும் என்கூடவே விலகி வந்தது. ஆத்திரத்தில் பின்னால் போய் என் பேட்டாலேயே ஸ்டம்பைத் தட்டிவிட்டேன். விதிப்படி அது அவுட். ஹெட் கிளார்க் பணிவாக இரண்டு அடி முன்னால் வந்து, "நோ பால் தம்பி. முன்னாடியே சொல்லிட்டேன், ஒங்களுக்குக் கேக்கல" என்றார். சுற்றி நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவர்கள் படும் பாட்டைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

பேட்டோடு பாயில் நடந்து பியூனிடம் போனேன். எல்லார் முன்னாலும் கத்தினேன். "ஒனக்கு எத்தன தடவ சொல்றது? ஒன் நல்லதுக்குத்தானே சொல்றேன்? அவுட் ஆக்குன்னா ஆக்க வேண்டியதுதானே?" வயதில் மூத்த மனிதர். அவருடைய எஜமானின் மகன் அவரை இன்னொரு வேலைக்கு ஏவுகிறான், செய்யவில்லை என்று அதட்டுகிறான். அதைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். அது அப்போது எனக்குப் புரியவில்லை.

அவர் பந்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எத்தனாவது பந்துல ஆகணும்னு சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும் சின்னையா. மொதப் பந்துலயேன்னா, பாக்குறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றார்.

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. என் மானம் போகாமல் இதை எப்படி முடிப்பது என்ற யோசனைதான் அந்த முகத்தில் இருந்தது. என் மானத்தை இத்தனை நாளாக அவர்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். "ரெண்டாவது" என்று சொன்னேன்.

திரும்பிப் போய் நின்றேன். முதல் பந்து, பழைய மாதிரியே, காலுக்குப் பக்கத்தில் மெதுவாக வந்தது. தடுத்தேன். இரண்டாவது பந்துக்கு அவர் ஓடி வந்தது எப்போதும் போலத்தான். கையை விட்டுப் பந்து போனதை நான் பார்க்கவே இல்லை. பாயில் பட்ட சத்தம் மட்டும் கேட்டது. நான் முன்னால் காலை வைத்துப் பேட்டைக் கொண்டுபோகும்போது, பின்னால் நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு போய் விழுந்திருந்தது. அப்படி ஒரு பந்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் சந்தித்ததில்லை. ஞாயிறு தவறாமல் அவர் கையில் இருந்தது அது.

ஹெட் கிளார்க் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் விரலைத் தூக்கினார்.

பியூன் பாய் நெடுக நடந்து என் பக்கம் வந்தார். விழுந்து கிடந்த ஸ்டம்பை எடுத்து, மண்ணைத் தட்டி, பழைய குழியிலேயே நட்டார். நட்டுவிட்டு நிமிர்ந்தவர், காப்டன் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்து, "சரியா இருந்துச்சுங்களா சின்னையா?" என்று கேட்டார்.